மச்சானை விலக்கு ரோட்டில் நிற்கவைத்தேன்

என் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணனை மூன்று நாள் வெயிலில் ரோட்டோரம் நிற்கவைத்தவன் நான். லாரி வரும், ஏற்றிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, லாரியை வேறு பாதையில் விட்டேன். வழி தவறி அல்ல. மறந்துபோயும் அல்ல. வேண்டுமென்றே... சிரித்த முகத்தோடு!

அதோடு விட்டேனா? தங்கையிடம் அண்ணனைப் பற்றி ஒரு பொய். அண்ணனிடம் தங்கையைப் பற்றி ஒரு பொய். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று முளையடித்து, நடுவில் நானே வேலியாக நின்றேன்.

இத்தனை காலம் ஒருவரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன். நீ யாரோ, முகம் தெரியாதவன். அதுதான் எனக்கு வசதி.

நான் யார் என்று கேள். வல்லத்திராக்கோட்டையில் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு மாட்டு வாலைப் பிடித்தவன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் என்னிடம் இருந்தவை ஒரு பாரவண்டி, இரண்டு மாடு. பதினைந்து வருஷம் கழித்து என் வாசலில் நாலு லாரி! சட்டைப்பையில் மூன்று பேனா குத்திக்கொண்டு திரிந்தவர்களெல்லாம் என் முன்னால் கைகட்டி நின்றார்கள். கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு என்னைத் தேடினார்கள். எவன் தயவிலும் நான் மேலே வரவில்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கை தட்டினார்கள்.

என் முதல் பொய் அதுதான்.

கருப்பையா... என் மச்சான். மணமேல்குடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு தென்னந்தோப்புக் குடியிருப்பில் அவருக்கு வீடு. கொஞ்சம் தென்னை, மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. நான் அந்தக் கரையில் கருவாடு ஏற்றப் பாரவண்டி ஓட்டிய நாளில், ஒரு ஆற்றுவாயில் என் வண்டி அச்சுவரை மணலில் புதைந்துபோயிற்று. மாடு முழங்கால் மடித்து விழுந்தது. நான் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஓடி வந்தவர் சாட்டையைப் பிடுங்கி எறிந்தார்.

"மாட்டை அடிச்சா மணல் வெலகுமா? தள்ளு அங்கிட்டு!" என்றார்.

பனையோலையை வெட்டிச் சக்கரத்துக்கு முன்னால் பரப்பினார். மாட்டின் காதருகே ஏதோ சொன்னார். வண்டி ஏறிவிட்டது! அன்று மத்தியானம் அவர் வீட்டில் சாப்பிட்டேன். பரிமாறியது அவர் தங்கை செல்லம்மாள். ஆறு மாதத்தில் அவளை எனக்கே கட்டிக்கொடுத்தார்.

பிறகு ராணுவத்தார் ஏலம் விட்ட பழைய லாரி ஒன்றை வாங்கினேன். ஓட்டத் தெரியும், கடலோரப் பாதை தெரியாது. பாதை என்று நீ நினைத்துக்கொள்ளாதே! அந்தக் காலத்தில் அங்கே இருந்தது கொஞ்சம் சரளை, கொஞ்சம் மணல், நடுநடுவே பாலமில்லாத ஆற்றுவாய். கருப்பையா ஒரு வருஷம் முழுக்க, தன் தோப்பு வேலையைப் போட்டுவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். "டயர்ல காத்தைக் கொஞ்சம் எறக்கு மாப்ளே... கடல்காத்து அடிக்கிற பக்கம் மணல் கெட்டியா இருக்கும், அங்கிட்டு ஒடிச்சுத் திருப்பு... தண்ணி வத்துற நேரம் பாத்து எறங்கு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கரையில் லாரி ஓட்ட என்னை விட்டால் ஆளில்லை என்ற பெயர் எனக்கு வந்தது அப்படித்தான். அந்தப் பெயரை வைத்துத்தான் அடுத்த லாரி. அதை வைத்து அதற்கடுத்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'எல்லாம் நானே பட்டுத் தெரிந்துகொண்டது' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒரு நாளும் மறுத்துச் சொல்லவில்லை, அந்த மனிதர். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது! மறுத்துச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டால் கணக்குத் தீர்ந்துவிடும். இவர் சும்மா இருந்து என்னைக் கொன்றார்.

எங்களுக்கு ஒரே மகள், வள்ளி. மூன்றாம் வயதில் திருச்செந்தூரில் முடியிறக்கிக் காது குத்துவதாக நேர்ந்திருந்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரிந்திருக்கும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி எடுக்க வேண்டும், காது குத்த வேண்டும். அந்த ஒரு நாளில் அப்பன் பின்னால் நிற்கிறவன். மாலை மாமனுக்கு. முதல் தாம்பூலம் மாமனுக்கு. கூட்டம் முழுவதும் பார்ப்பது அந்த மடியைத்தான்.

செல்லம்மாளுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை. பிறந்தவீடு என்றால் அந்த ஒரு அண்ணன்தான். அவர் மடியில் தன் பிள்ளை உட்காரும் நாளை, பிள்ளை வயிற்றில் இருந்தபோதிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதைக் கவனமாகக் கேள். என் துரோகத்துக்கு அதுதான் கைப்பிடி. சீர் கொண்டுபோகும் தாய்மாமன் தானாகக் கிளம்பிப் போக மாட்டான். தங்கை வீட்டார் வந்து, எதிர்கொண்டு, வெற்றிலை கொடுத்து அழைத்தால்தான் சீர்க்கூடையைத் தலையில் ஏற்றுவான். அழைக்காமல் போய் நின்றால் 'சோற்றுக்கு வந்தவன்' என்று பெயர். ஏழையோ பணக்காரனோ, அந்த மரியாதையை மட்டும் விட மாட்டான். ஏழை என்றால் இன்னும் விட மாட்டான்...

பங்குனி மாதம். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால் கருப்பையா வல்லத்திராக்கோட்டைக்கு வந்தார். ஒரு சாக்குத் தேங்காய் கொண்டுவந்தார். பாதை பேசுவதற்காக என் வாசலில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். செல்லம்மாளின் பெரியப்பா மகன் நாகலிங்கமும் வந்திருந்தார். அறந்தாங்கியில் அரிசி ஆலை வைத்திருந்தவர். விரலில் மோதிரம், தோளில் சரிகைத் துண்டு. அவருடைய ஆலைச் சரக்கு என் லாரியில் ஏறாதா என்று நான் அலைந்துகொண்டிருந்த காலம் அது.

கருப்பையா மண்ணில் குந்தி உட்கார்ந்தார். சாக்கை அவிழ்த்துத் தேங்காய்களை வரிசையாக அடுக்கினார்.

"இந்தா பாருங்க. இது அறந்தாங்கி. இது மணமேல்குடி. இது கோட்டைப்பட்டினம், இது மீமிசல், இது தொண்டி, தேவிபட்டினம். இது ராமநாதபுரம். அப்புறம் கீழக்கரை, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி... கடைசியா முருகன்! வழி நெடுக எடது பக்கம் கடலு. பிள்ளைக வேடிக்கை பாத்துக்கிட்டே வரும். ஆத்துவாய்ல மட்டும் நான் பத்து ஆளோட பனையோலை போட்டு வைக்கிறேன். லாரி குலுங்காமப் போகும்."

எல்லாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். 'எங்கே சோறாக்கலாம்? எங்கே நல்ல தண்ணீர்?' எல்லாக் கேள்வியும் அவரிடம். லாரி என்னுடையது, மகள் என்னுடையவள், நேர்த்திக்கடன் என்னுடையது... என்னிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை!

கூட்டத்தில் ஒரு கிழவர் சொன்னார்: "கேளுங்கப்பா, கேளுங்க. இவருக்கு லாரித் தடம் காட்டினதே இந்த மச்சான்தானே. பக்கத்துல உக்காந்து ஊட்டி விட்டவருல்ல?"

சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. உறவுக்காரர்கள் சிரிக்கிற சிரிப்புத்தான். எனக்குக் காதுமடல் கொதித்தது.

நாகலிங்கம் குனிந்து வரிசையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார். அது மணமேல்குடி. "நல்ல எளசா இருக்கே கருப்பையா, தண்ணிக்கு ஆகும்" என்று சொல்லி, படிக்கல்லில் தட்டி உடைத்து, அண்ணாந்து குடித்தார்.

"அட, மணமேல்குடியைக் குடிச்சுப்புட்டீகளே!" என்று கருப்பையா கைதட்டிச் சிரித்தார். "பரவால்ல, நான் நடந்தாவது வந்து சேந்துருவேன்!"

அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. அறந்தாங்கி அங்கே, கோட்டைப்பட்டினம் இங்கே... இடையில் ஒன்றுமில்லை. எவ்வளவு சுத்தமாக இருந்தது அது!

அப்போது தோன்றியதுதான். கோபத்தில் செய்தேன் என்று நான் தப்பிக்க முடியாது. இரண்டு வாரம் இருந்தது, மனம் மாற. மாறினேனா?

கருப்பையா புறப்படும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "நீங்க போட்ட பாதைதான் மச்சான். புதன்கிழமை காலையில பத்து மணிக்கெல்லாம் ஒங்க ஊர் விலக்குல லாரி நிக்கும். வெத்தலை பாக்கோட நானே எறங்கி அழைக்கிறேன். சீரோட தயாரா இருங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. "எம்புட்டுப் பெரிய ஆளா ஆயிட்டீங்க மாப்ளே. இருந்தும் நம்ம மொறையை விடல பாருங்க" என்றார்.

புதன்கிழமை வந்தது. லாரியில் வைக்கோல் பரப்பி, பாய் விரித்து, மேலே மூங்கில் வளைத்துத் தார்ப்பாய் கட்டியிருந்தேன். முப்பது பேர், நாகலிங்கமும் சேர்த்து. செல்லம்மாள் வள்ளியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் ஏறினால் உட்காருவதற்கென்று ஓரத்தில் இடம் விட்டிருந்தாள்.

கிழக்கே திருப்பினால் அறந்தாங்கி, அப்பால் மணமேல்குடி. மேற்கே திருப்பினால் புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி. மேற்கே திருப்பினேன்.

"ஏங்க, இங்கிட்டு எங்க போறீங்க? அறந்தாங்கி அங்கிட்டுல்ல?"

"தொண்டிக்கு இங்கிட்டு தரைப்பாலம் இடிஞ்சு கெடக்காம். நேத்துத்தான் சேதி வந்துச்சு. காரைக்குடி, தேவகோட்டை வழியா ராமநாதபுரம் போயி அங்க கடலோரம் பிடிச்சுக்கலாம்."

"அப்ப அண்ணன்?"

"ஆள் விட்டுச் சொல்லியாச்சு. பஸ்ஸைப் பிடிச்சு ராமநாதபுரம் வந்துருவாரு. அங்க வச்சு அழைச்சுக்கலாம்."

நம்பினாள். புருஷன் சொன்னால் நம்புகிற காலம் அது. அல்ல... அவள் நம்புகிறவள், அவ்வளவுதான்.

ராமநாதபுரத்தில் லாரியை நிறுத்தினேன். இதைக் கேள்! வராத ஒருவருக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நடிப்பு! வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் நின்றேன். செல்லம்மாள் ஒவ்வொரு பஸ்ஸாகப் போய் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். "மணமேல்குடி பக்கமிருந்து யாராச்சும் வந்தீங்களா?" என்று கண்டவர்களையெல்லாம் கேட்டாள். வள்ளி வெயிலில் அழுதது. நான் வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன்.

"பொறுப்புன்னு ஒண்ணு இருக்கணும்" என்று நாகலிங்கத்தின் காதில் படும்படி சொன்னேன்.

அந்த நேரத்தில், வடக்கே, ஊர்ப்பாதை பிரிகிற அந்த விலக்கு ரோட்டில் அவர் நின்றுகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும். அது எனக்கு ருசித்தது... பொய் சொல்ல மாட்டேன். ருசித்தது!

கீழக்கரை, சாயல்குடி, வேம்பார். இடது பக்கம் கடல். அவர் சொன்ன மாதிரியே. பிள்ளைகள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு கூச்சல் போட்டன. தூத்துக்குடி உப்பளம் வெயிலில் கண்ணைக் குத்தியது. செல்லம்மாள் ஒரு வாய் சாப்பிடவில்லை. பின்னால் தூசி தெரியும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை திருச்செந்தூரில் நாவிதரும் ஆசாரியும் தயாராக இருந்தார்கள். செல்லம்மாள் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு நாள் பொறுப்போம்ங்க. அண்ணன் எப்படியும் வந்துருவாக. அவுகளுக்கு ஒடம்புக்கு என்னமோ... இல்லேன்னா வராம இருப்பாகளா?"

அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. சீர் செய்ய வக்கில்ல ஒங்க அண்ணனுக்கு. சபையில நின்னா தெரிஞ்சுபோகுமுல்ல? அதான் ஒளிஞ்சுக்கிட்டாரு."

முப்பது பேர் நடுவில் அவள் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கீழே பார்த்தாள்.

நாகலிங்கம் முன்கூட்டியே என்னோடு பேசிவைத்தவர். பட்டுப் பாவாடையும் கம்மலும் அவர் பெட்டியில் தயாராக இருந்தன. உட்கார்ந்தார். வள்ளி அவர் மடியில் இருக்கவே மாட்டேன் என்று துள்ளியது. மோதிரக் கையால் இறுக்கிப் பிடித்தார். முடி விழுந்தது. காது குத்தினார்கள். குழந்தை வீரிட்டது. "மாமன் மடி சூடு தாங்கலைபோல!" என்று யாரோ கேலி பேசினார்கள். நான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தேன். அடுத்த மாதமே ஆலைச் சரக்கு என் லாரியில் ஏறியது.

இதோடு முடிந்திருந்தாலும் ஏதோ ஒரு நாள் அண்ணனும் தங்கையும் சந்தித்திருப்பார்கள். உண்மை வெளியே வந்திருக்கும். அதற்கு நான் இடம் வைக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தனியாக லாரியை எடுத்துக்கொண்டு மணமேல்குடிக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் முதலில் கண்டது அவர் மனைவி மாரியாயியை.

"வாங்க தம்பி. வழி தெரிஞ்சுச்சா?" என்றாள். அப்படிக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. "மூணு நாளு! மேளக்காரரை முத நாளே திருப்பி அனுப்பியாச்சு. ஆத்துவாய்ல ஓலை போட்ட ஆளுக சிரிச்சுப்புட்டுப் போயிட்டாக. 'கருப்பையா, ஒனக்கு வாரது லாரியா, கப்பலா? கடல் பக்கம் திரும்பி நில்லுய்யா'ன்னு போறவன் வாரவனெல்லாம் கேக்குறான். வாழத்தாரு பழுத்துப் பழுத்து ரோட்டுல உதுந்துச்சு. பஸ்ஸுல போங்கன்னு சொன்னேன். 'மாப்ள அழைக்கிறேன்னு சொல்லியிருக்காரு, அழைக்காமப் போனா தங்கச்சிக்குத்தான் கேவலம்'னாக. மூணாம் நாளு மயக்கம் போட்டு விழுந்தாக. தூக்கிட்டு வந்தோம்."

அவள் மூக்கைப் பார்த்தேன். மூக்குத்தி இல்லை. அதை உருக்கித்தான் வள்ளிக்குக் கம்மல் செய்திருந்தார்கள். ஓலைக்கொட்டானில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தது; அவளே எடுத்துக் காட்டினாள்.

கருப்பையா உள்ளேயிருந்து வந்தார். கன்னத்தில் வெயில் உரித்த தோல். "விடு கழுதெ, வந்தவுகளை வாசல்லேயே வச்சு..." என்று அவளை அடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "வழியில எதுவும் ஆபத்தில்லையே மாப்ளே? பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே? மூணு நாளும் எனக்கு அதே நெனப்பு."

அந்த இடத்தில் நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். விழுவேன் என்று நீ நினைக்கிறாய். இல்லை! என்னைப் பற்றி அவர் கவலைப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெரிய மனசை மிதிக்க வேண்டும் போலிருந்தது.

தலையைக் குனிந்துகொண்டு, சொல்லத் தயங்குகிறவன் மாதிரி சொன்னேன்: "நான் எப்படிச் சொல்றது மச்சான்... ஒங்க தங்கச்சிதான் வேணாம்னு சொல்லிட்டா. 'அண்ணன் ஓலைக்கொட்டானும் வாழத்தாருமா வந்து நின்னா நாகலிங்கம் அண்ணன் முன்னாடி எனக்குத்தான் அசிங்கம். அவுக மடியிலேயே உக்கார வச்சிரலாம்'னா. நான் எவ்வளவோ சொன்னேன்."

மாரியாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

தென்னை மட்டை ஒன்று சரசரத்து விழுந்தது. கருப்பையா அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்து கேட்டார்.

"செல்லம்மாவா சொன்னா?"

"ம்."

"அவ வாயால?"

"ஆமா மச்சான்."

"சரி. வசதியா வாழுற பிள்ள. அதுக்கும் நாலு பேரு முன்னாடி ஒரு இது இருக்குமுல்ல..." பாயை எடுத்து உதறிப் போட்டார். "சாப்புட்டுப் போங்க மாப்ளே. மீன் கொழம்பு வச்சிருக்கு."

சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு வாங்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்! என்ன மிருகம் நான்... அந்தக் குழம்பு நன்றாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

அதன்பிறகு அவர் வரவில்லை. பொங்கலுக்குப் பிறந்தவீட்டுச் சீர் வரவில்லை. முதல் வருஷம் செல்லம்மாள் வாசலில் கோலம் போட்டுவிட்டுக் கிழக்கு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷமும் பார்த்தாள். மூன்றாம் வருஷம் கோலத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். "செய்ய முடியலேன்னா என்னங்க, வெறுங்கையோட வரக்கூடாதா? நான் என்ன கேட்டேன்?" என்று ஒருமுறை என்னிடமே கேட்டாள். "மானஸ்தன்னு நெனப்பு" என்று நான் சொன்னேன். மானம் என்ற சொல்லை என் வாயால்!

வள்ளிக்கு ஒன்பது வயது நடக்கும்போது செல்லம்மாளுக்கு மஞ்சள்காமாலை கண்டது. கீழாநெல்லி, பத்தியம், பெரிய ஆஸ்பத்திரி... ஒன்றும் பிடிக்கவில்லை. கண்ணெல்லாம் மஞ்சள். ஒரு காலையில் என் கையைப் பிடித்தாள்.

"எங்க அண்ணனுக்கு ஒரு ஆளு விடுங்க. கோவமெல்லாம் இல்லேன்னு சொல்லுங்க. ஒரு தடவை வந்து மூஞ்சியைக் காமிச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

"விடுறேன்" என்றேன்.

விடவில்லை. இருவரும் சந்தித்தால் நான் என்ன ஆவது? மறுநாள் கேட்டாள். "ஆளு போயிருக்கான்" என்றேன். அதற்கு மறுநாள் கேட்டாள். "வாரேன்னு சொன்னாராம்" என்றேன். என் நாலு லாரியில் ஒன்று அன்றைக்குத்தான் மணமேல்குடி தாண்டிக் கருவாடு ஏற்றப் போயிற்று. அவர் ஊர் விலக்கு வழியாகவே போயிற்று! டிரைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்... நான் சொன்னது, 'டயரைப் பார்த்துக்கொள்' என்று.

நாலாம் நாள் அவள் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

சாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. பிறந்தவீட்டுக் கோடிச்சேலை போடாமல் சுமங்கலியைத் தூக்க மாட்டார்கள். ஆள் போனது. மத்தியானத்துக்குள் கருப்பையா வந்துவிட்டார். தலை முழுவதும் நரைத்திருந்தது. புதுச் சேலையைப் பிரித்துத் தங்கையின் மேல் போர்த்தினார். சத்தம் போட்டு அழவில்லை. கால்விரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியைச் சரிசெய்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"மாப்ளே. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கடைசியில... என்னையக் கேட்டாளா?"

இப்போது சொல்லியிருக்கலாம். அவள் இல்லை. இனி யார் என்னைக் காட்டிக்கொடுப்பது? 'மூன்று நாள் கேட்டாள் மச்சான்' என்று நாலே சொல். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நீ சொல், ஏன் என் வாயில் அது வரவில்லை?

"நெனவே இல்லை மச்சான் அவளுக்கு" என்றேன். "ஒண்ணும் கேக்கல."

தலையை ஆட்டினார். சடங்கு முடிந்து எல்லாரும் குளித்து வந்த பிறகு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் புறப்பட்டார். வாசலில் வள்ளி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முன்னால் வந்து குனிந்தார். தலையைத் தொடக் கையை நீட்டினார்.

"ஆத்தா... வள்ளி..."

வள்ளி பின்னால் நகர்ந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு அவரை முறைத்தாள். அவளை அப்படி வளர்த்தவன் நான்.

"நீங்கதான எனக்குக் காது குத்துறப்ப சீர் செய்ய மாட்டாம ஒளிஞ்சுக்கிட்டவுக? எங்க ஆத்தா ஒங்களை நெனச்சு நெனச்சு அழுகும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. கருப்பையா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரே பார்வை. அவர் படிக்காதவர்தான், ஆனால் மணலைப் பார்த்தே அடியில் ஓடும் தண்ணீரைச் சொல்லுகிறவர். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒன்றுவிடாமல்! தங்கை என்ன நினைத்துக்கொண்டு செத்தாள் என்பது உட்பட...

சுற்றிலும் ஊர் நின்றது. ஒரு வார்த்தை போதும். என் மானம், என் நாலு லாரி, என் முதல் மரியாதை, எல்லாம் அந்த வாசலிலேயே கவிழ்ந்திருக்கும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அவர் மறுபடி குனிந்தார். தாயைப் பறிகொடுத்த பிள்ளையையும், அது பிடித்திருந்த என் வேட்டியையும் பார்த்தார்.

"ஆமாத்தா" என்றார். "அது நாந்தான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே நடந்தார்.

அப்போது எனக்கு முதலில் என்ன வந்தது என்று கேட்கிறாயா? அழுகையா? இல்லை... நிம்மதி! அப்பாடா என்று மூச்சு விட்டேன். மற்றதெல்லாம் பிறகுதான் வந்தது. வந்து, போகாமல் இருக்கிறது.

கருப்பையா அதற்குப் பின் ஆறேழு வருஷம் இருந்தார். என் லாரிகள் வாரம் தவறாமல் அவர் ஊரைத் தாண்டிப் போயின. நானும் போனேன். இறங்கவில்லை.

வள்ளி இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். எங்கேயாவது தாய்மாமன் பேச்சு வந்தால், "எங்களுக்கும் ஒருத்தர் இருந்தாரே, அவர் வாயாலேயே ஒத்துக்கிட்டாரு" என்று உதட்டைச் சுழிக்கிறாள். போன மாதமும் சொன்னாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"என்னப்பா?" என்றாள்.

"தண்ணி கொண்டா" என்றேன்.